விண்ணிலிருந்து புயலையும் கரையையும் பார்ப்பது எப்படி? செயற்கைக்கோள் படம் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2018 நவம்பர் 15 இரவு. கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி வாக்கில் கைப்பேசியில் ஒரு செயற்கைக்கோள் படத்தைத் திறந்தேன். ஓரத்தில் 15:00 என்று போட்டிருந்தது. மதியம் மூன்று மணிப் படம், ஆறு மணி நேரப் பழசு, அதற்குள் புயல் எவ்வளவோ நெருங்கியிருக்கும் என்று நானே கணக்குப் போட்டு, வேதாரண்யத்தில் இருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டேன். “இன்னும் ஒரு மணி நேரத்துல கரையைத் தொட்டுடும் சித்தப்பா.” அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரையும் பள்ளிக்கூடத்து முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார். போனது நல்லதுதான். ஆனால் புயல் கரையைக் கடக்கத் தொடங்கியது நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல். இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் போதும், “என்னப்பா, உன் கடிகாரத்துல இப்ப மணி எத்தனை?” என்று கேட்பார்.

அந்த 15:00 உலகப் பொது நேரம். நம் நேரப்படி இரவு எட்டரை. நான் பார்த்தது அரை மணி நேரத்துக்கு முந்தைய படம்தான்.

படம் கிடைப்பது இன்று பெரிய விஷயமே இல்லை. காசு கொடுக்காமல், வீட்டில் இருந்தபடியே, சில வருடங்களுக்கு முன் ஆராய்ச்சியாளர்கள் மட்டும் பார்த்த படங்களை நாமும் பார்க்கலாம். அதைப் படிப்பதில்தான் சிக்கல். எந்தப் படத்தைத் திறந்தாலும் அதில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தக் கண்ணால் எடுத்தது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கிருந்து?

நமக்கு வேண்டிய செயற்கைக்கோள்கள் இரண்டு வகை. ஒரு வகை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் கலங்கரை விளக்கத்துக் காவலர் மாதிரி எப்போதும் ஒரே இடத்தில் நின்று ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இஸ்ரோ அனுப்பிய இன்சாட்-3டிஆர் (2016), இன்சாட்-3டிஎஸ் (2024) இந்த வகை. முதலாவது கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகையிலும், இரண்டாவது 82 பாகையிலும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டும் மாற்றி மாற்றி எடுத்தால் கால் மணிக்கு ஒன்று. புயலைத் தொடர இதுதான் வேண்டும். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதால் விவரம் குறைவு: பகல் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) காட்டுவது 1 கிலோமீட்டர் அகலம், வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புப் படத்தில் 4 கிலோமீட்டர்.

இன்னொரு வகை 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 எல்லாம் இதில் சேரும். இவை தவணை வசூலிக்க வருகிறவர் போல; சொன்ன நாளில் சொன்ன மணிக்கு வருவார், ஒரு பார்வை பார்ப்பார், போய்விடுவார். சென்டினல்-2 ஜோடி நம் கரைக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை வாக்கில் வரும். லேண்ட்சாட் ஜோடி எட்டு நாளுக்கு ஒருமுறை. சென்டினலின் ஒரு புள்ளி 10 மீட்டர். விசைப்படகுத் துறைமுகத்தின் சுவர், தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் சுவர்), உப்பளப் பாத்தி எல்லாம் தெரியும். ஆனால் வருகிற அன்று வானம் மூடியிருந்தால் அந்தத் தவணை போச்சு.

ஆக, புயலுக்கு முதல் வகை, கரைக்கு இரண்டாம் வகை. இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

‘எங்கிருந்து’ என்ற கேள்வி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். ஜப்பானின் ஹிமாவாரி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருவதால் நம்மில் பலர் அதைத்தான் பார்க்கிறோம். அது நிற்பது 140.7 பாகையில், நியூ கினியா தீவுக்குச் சற்று வடக்கே கடலுக்கு மேலே. அங்கிருந்து சென்னை கிட்டத்தட்ட பூமியின் ஓரம். படு சாய்வாகத்தான் தெரியும். உயரமான ஒரு பொருளைச் சாய்வாகப் பார்த்தால் அதன் தலை பின்னால் உள்ள இடத்தின் மேல் விழும் அல்லவா? தென்னை மரத்தைத் தள்ளி நின்று பார்த்தால் மட்டை அடுத்த வீட்டுக் கூரை மேல் இருப்பது போலத் தோன்றுமே, அப்படித்தான். மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், சென்னைக் கரையில் அது உண்மையான இடத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மேற்கே தள்ளித் தெரியும். கரையை ஒட்டிய கடலில் இருக்கும் இடிமேகம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிற்பதாகத் தோன்றும். 45.5 பாகையிலிருந்து பார்க்கும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்டில் இதே மேகம் 15 கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே தள்ளித் தெரியும். இன்சாட்-3டிஎஸ் கிட்டத்தட்ட நம் தலைக்கு நேரே இருப்பதால் பிழை நான்கைந்து கிலோமீட்டர்தான். ‘மேகம் ஊருக்குள்ள வந்துடுச்சு, மழையக் காணோமே’ என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் பார்ப்பது ஹிமாவாரிப் படமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

எப்போது?

சித்தப்பா கதையிலேயே சொல்லிவிட்டேன். படத்தின் ஓரத்தில் இருக்கும் நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். 18:30 தாண்டினால் நம் நாட்காட்டியில் அடுத்த நாள் பிறந்துவிடும். சில தளங்கள் உங்கள் ஊர் நேரத்துக்கே மாற்றிக் காட்டும், சிலது காட்டாது. சந்தேகம் வந்தால் பகல் படத்தைத் திறந்து, இருட்டும் வெளிச்சமும் பிரியும் கோடு எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தக் கோடு பொய் சொல்லாது.

தேதியையும் விடாதீர்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வாட்சப்பில் சுற்றும் ‘வங்கக்கடலில் இப்போது’ படங்களில் பல, வேறு வருடத்துப் புயல்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்துக்குப் போய், கீழே இருக்கும் காலக்கோட்டில் அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எந்தக் கண்ணால்?

வானிலைச் செயற்கைக்கோள் ஒரே காட்சியைப் பல அலைநீளங்களில் எடுக்கிறது. நமக்கு மூன்று போதும்.

பகல் படம் நம் கண் பார்ப்பதைப் போன்றது. தடித்த மேகம் பளிச்சென்று வெள்ளை, மெல்லிய மேகம் சாம்பல். காலை ஏழு, எட்டு மணிப் படம்தான் எனக்குப் பிடித்தது. வெயில் சாய்வாக விழுவதால் உயர்ந்த இடிமேகங்களின் நிழல் பக்கத்து மேகத்தின் மேல் விழும். எது கோபுரம், எது கம்பளம் என்று பிரித்துச் சொல்லலாம். மாலை ஆறு மணிக்கு மேல் இந்தப் படம் வெறும் கறுப்பு.

அகச்சிவப்புப் படம் வெப்பத்தை அளக்கிறது. இரவும் பகலும் ஒன்றுதான். மேலே போகப் போகக் குளிர் என்பதால், குளிர்ந்த மேகம் என்றால் உயரமான மேகம். வங்கக்கடலின் வலுவான இடிமேகங்களின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே 70, 80 டிகிரி வரை போகும். தளங்கள் இதற்குச் சிவப்பு, ஊதா என்று நிறம் பூசிவிடுகின்றன. அந்த நிறம் மழையின் அளவு இல்லை, காற்றின் வேகமும் இல்லை; உச்சியின் குளிர் மட்டும்தான். ஒரு தளத்தின் சிவப்பு இன்னொரு தளத்தின் மஞ்சளாக இருக்கும், ஆகவே பக்கத்தில் உள்ள அளவுகோலைப் பார்க்காமல் நிறத்தைப் பேசாதீர்கள். இன்னொன்று, கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த மேகம் கடலின் வெப்பத்திலேயே இருப்பதால் அகச்சிவப்பில் காணாமல் போய்விடும். வாடைக் காற்றில் கடலிலிருந்து வரிசையாக வந்து சென்னையில் சட்டென்று கொட்டிவிட்டுப் போகும் குட்டி மேகங்கள் பல இப்படித்தான் ஏமாற்றும்.

மூன்றாவது நீராவிப் படம். நடு, மேல் வளிமண்டலத்தின் ஈரம் இதில் தெரியும். ஈரமான இடம் வெளுப்பு, வறண்ட இடம் கறுப்பு. புயலைப் பார்க்கும்போது இதில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: அதன் மேற்கு, வடமேற்குப் பக்கத்திலிருந்து கறுப்பு நாக்கு ஒன்று உள்ளே நுழைகிறதா? நுழைந்தால் வறண்ட காற்று புயலுக்குள் போகிறது. அது பலவீனமாகும் வாய்ப்பு அதிகம்.

இன்சாட் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலும், இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்திலும் பார்க்கலாம். ராபிட் என்ற கருவியில் பழைய படங்களை ஓடவிட்டு, ஒரு புள்ளியைத் தொட்டு அதன் வெப்பநிலையைப் படிக்கவும் முடியும். அதன் முகப்பு கொஞ்சம் பழைய காலத்துத் தோரணையில் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே சரக்கு இருக்கிறது.

புயலைப் படித்தல்

தனிப்படத்தைப் பார்க்காதீர்கள். குறைந்தது ஆறு மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிடுங்கள். முதலில் பளிச்சென்ற மேகக்கூட்டம் கண்ணை இழுக்கும். அதை விட்டுவிட்டு, எந்தப் புள்ளியைச் சுற்றி எல்லாம் சுழல்கிறது என்று தேடுங்கள். அந்தப் புள்ளிதான் மையம். அது மேகக்கூட்டத்தின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. மேல்காற்றும் கீழ்காற்றும் வேறு வேறு திசையில், வேறு வேறு வேகத்தில் அடித்தால் மேகமெல்லாம் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, மையம் வெறும் சுழியாக வெளியே தெரியும். இது வலுவற்ற புயலின் அடையாளம். மழையும் மேகம் இருக்கிற பக்கம்தான் கொட்டும், மையம் போகிற ஊரில் இல்லை.

அடுத்து வடிவம். 1970-களில் வெர்னான் துவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர், படத்தில் தெரியும் மேக வடிவத்தை வைத்தே புயலின் வலுவைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். இன்றும் நம் வானிலைத் துறை அறிக்கைகளில் டி-எண் என்று வருவது அதுதான். மேகப்பட்டை வளைந்து மையத்தைச் சுற்ற ஆரம்பிக்கிறது; எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறதோ அவ்வளவு எண் கூடும். 1.5 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5-இல் புயல், 3.5-இல் தீவிரப் புயல். பட்டை முழுக்கச் சுற்றி, மையத்தின் மேல் வழவழப்பான வட்ட மேகமூடி உருவாகி, அதன் நடுவே கண் திறந்தால் எண் இன்னும் மேலே போகும். கண்ணுக்கும் சுற்றியுள்ள மேகத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வலு. நாம் வீட்டில் இருந்து எண் போட வேண்டியதில்லை. வளைவு நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நேற்றுப் பார்த்த அதே நேரத்தில் பாருங்கள். கடல் மேல் இடிமேகங்கள் பின்னிரவில் பொங்கிப் பகலில் தணிவது வழக்கம், அதைப் புயலின் ஏற்ற இறக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

படத்தில் பயமுறுத்தாத புயலும் ஊரை முடக்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கலுக்குக் கண்ணும் இல்லை, அழகான வட்டமும் இல்லை. காற்று வேகமும் புயல் வரிசையில் கீழ்ப்படிதான். ஆனால் கடந்த பிறகு மணிக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதனால் நான் வலுவைவிட வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். மையத்தின் மேல் திரையில் விரலை வையுங்கள், மூன்று மணி நேரம் கழித்து அது எங்கே என்று பாருங்கள். விரலை எடுக்க வேண்டியே இல்லை என்றால் கவலைப்பட வேண்டிய நேரம்.

புயல் இல்லாத நாட்களிலும் பார்க்க நிறைய உண்டு. ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் வெள்ளையாக மூடியிருக்க, தூத்துக்குடிப் பக்கம் துடைத்துவிட்டது போல இருக்கும். மே மாதப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும் விளிம்பு, கரைக்கு இணையாக ஒரு மெல்லிய மேகக் கோடாகத் தெரியும்; மாலை இடி மழை பல நாள் அந்தக் கோட்டில்தான் முளைக்கும். 1966 செப்டம்பரில் ஜெமினி-11 விண்கலத்திலிருந்து எடுத்த இந்தியா-இலங்கைப் படம் ஒன்று மிகவும் பிரபலம். நிலத்தின் மேல் மேகத் துணுக்குகள், கரையை ஒட்டிய கடல் தெளிவு.

கரையைப் படித்தல்

இதற்குச் சென்டினல் படங்களை இலவசமாகக் காட்டும் காப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளம் போதும். பெயரைத் தேடினால் வரும். உங்கள் கரையைப் பெரிதாக்கி, சென்டினல்-2 தேர்ந்தெடுத்து, மேக அளவை 10 சதவீதத்துக்குக் குறைத்து, தேதிகளைப் புரட்டுங்கள். நம் கரைக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்: வானம் தெளிவு, கடலும் பல இடங்களில் தெளிவு.

முதலில் இயல்பு நிறம். பாம்பன் பக்கம் போங்கள். தனுஷ்கோடியில் இரண்டு பக்கக் கடலையும் ஆண் கடல், பெண் கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். மன்னார் வளைகுடா கொந்தளிக்கும் ஆண் கடல், பாக் நீரிணைப் பக்கம் அமைதியான பெண் கடல். விண்ணிலிருந்தும் அந்தப் பிரிவு தெரியும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாவின் வண்டலை வாடைக்காலத்து அலை கிளறிவிடுவதால் அந்தப் பக்கம் பால் கலந்த பச்சை, தெற்கே கருநீலம். ஜனவரிப் படங்களில் ராமர் பாலத் திட்டுகளின் இடுக்கு வழியே கலங்கல் நீர் தெற்கே புகை மாதிரி வழிந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் காற்று திரும்பிவிட, தெற்குப் பக்கம் கலங்கும். அப்படியே மேற்கே நகர்ந்தால் மன்னார் வளைகுடாவின் தீவுகள். 21 என்று எண்ணப்படுபவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அந்த இடங்களில் வெளிர்நிறத் திட்டு மட்டும் தேடினால் கிடைக்கும்.

அப்புறம் பொய் நிறம் என்ற தேர்வுக்கு மாறுங்கள். இதில் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டுவார்கள். உயிருள்ள இலை அந்த ஒளியை அள்ளித் திருப்பி அனுப்புவதால் பயிரும் காடும் ரத்தச் சிவப்பு. நீர் அதை விழுங்கிவிடுவதால் கறுப்பு. கரைக்கோடு கத்தியால் வெட்டியது போல வரும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை 2018 அக்டோபரிலும் 2019 பிப்ரவரியிலும் எடுத்து ஒப்பிடும் வசதியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கஜா எதை எடுத்துக்கொண்டு போயிற்று என்பதற்கு விளக்கம் தேவைப்படாது.

கரை நகர்வதைப் பார்க்க நீண்ட காலம் வேண்டும். சென்டினல்-2 2015-இல்தான் தொடங்கியது. லேண்ட்சாட் 1972-இலிருந்து எடுக்கிறது. 1984 முதலான படங்களைக் கூகுள் எர்த் டைம்லாப்ஸ் ஒரே ஓட்டமாக ஓட்டிக் காட்டும். அதில் புதுச்சேரியைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து வெறும் பாறாங்கல் சுவராயிற்று. 2018-இல் நீருக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. சென்னையிலும் நூறு வருடத்துக்கு முன்பே இதே கதைதான்: துறைமுகம் தந்தது மெரினா, எடுத்துக்கொண்டது ராயபுரம். இந்தச் சூத்திரம் தெரிந்தால் படத்தில் எந்தத் தூண்டில் வளைவைப் பார்த்தாலும் தெற்கே மேடு, வடக்கே பள்ளம் தேடுவீர்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

இங்கேதான் அவசர முடிவு ஆபத்து. நம் கரையில் கடல் நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்ற வித்தியாசம் குறைவு, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் முப்பது அடி நடந்தால் ஓரடி இறங்கும் சரிவான மணற்கரையில், நீர் அரை மீட்டர் ஏறினால் கரைக்கோடு 15 மீட்டர் உள்ளே வந்துவிடும். சென்டினல் படத்தில் அது ஒன்றரைப் புள்ளி. அதை அரிப்பு என்று எழுதிவிடலாம்! ஆகவே ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒரே பிறைநாளை. இரண்டு மூன்று புள்ளிக்குக் குறைவான மாற்றத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

இன்னொரு ஏமாற்று, சூரியப் பளபளப்பு. மே, ஜூன் படங்களில் வெயில் நேராக விழுந்து கடல் கண்ணாடியாகித் திருப்பி அடிக்கும். கடல் சாம்பலாகி, காற்று படாத இடம் எல்லாம் எண்ணெய் கொட்டியது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். நானும் ஒருமுறை நண்பர் குழுவில் ‘எண்ணெய்க் கசிவு’ என்று போட்டுவிட்டு அரை மணியில் அழித்தேன்.

மேகம் மூடிய நாளுக்கு சென்டினல்-1. அது ரேடார், தானே அலை அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிக்கும், மேகமும் இரவும் அதற்குத் தடையில்லை. வழவழப்பான நீர் அலையை வேறு பக்கம் தட்டிவிடுவதால் கறுப்பு. வெள்ளம் நின்ற வயல் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் வீடுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் சுவரில் பட்டுத் திரும்பி வெளுப்பாகத் தெரியும். அதனால் நகர வெள்ளத்தை இதில் கறுப்பாகத் தேடினால் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் வரும், இடுப்பளவு தண்ணீரில் ஊர் நின்றாலும்.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். காப்பர்நிக்கஸில் தனுஷ்கோடி அரிச்சல்முனையைத் திறந்து, 2017 முதல் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி மாதத்து மேகமில்லாத படம் ஒன்றைக் குறித்து வையுங்கள். அளவுகோல் கருவியால் சாலை முடியும் வட்டத்திலிருந்து மணல் நுனி வரை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நுனி ஒரு வருடம் வடக்கே வளைந்திருக்கும், ஒரு வருடம் தெற்கே. எந்த எண்ணையும் யாரிடமும் சொல்வதற்கு முன், அன்றைய படத்தில் மணி என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தரையைக் கூட்ட மறக்காதீர்கள்.